வரப்பில் நிற்கும் செல்

என் தொழிலில் முட்டிக்கொள்ளும் சுவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்கள்தான். 65,535. 32,767. 16,384. 8,94,78,485. படங்களைக் கையாளும் மென்பொருள் எழுதுகிற யாரிடமாவது இந்த எண்களைச் சொல்லிப் பாருங்கள். எப்போதோ குடியிருந்த ஊரின் பெயரைக் கேட்டதுபோல ஒரு சிரிப்பு வரும். "அங்கயா? ஒரு வாரம் மாட்டிக்கிட்டுக் கெடந்தேன்" என்பார்கள்.

கணினியில் ஒரு படம் என்பது கட்டம் போட்ட நோட்டுத் தாள் மாதிரி. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். அந்தத் தாள் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? நம் இஷ்டம்தானே என்று தோன்றும். ஆனால் படத்தைத் திறப்பது, சுருக்குவது, திரையில் வரைவது போன்ற வேலைகளை நாங்கள் யாரும் முதலிலிருந்து எழுதுவதில்லை. யாரோ எழுதிவைத்த லைப்ரரியைக் கூப்பிடுகிறோம். அந்த யாரோ, பல ஆண்டுகளுக்கு முன், ஏதோ ஒரு மாலையில், தாளின் உச்ச அளவைத் தீர்மானித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

65,535 ஜேபெக்கின் எண். 1992இல் வந்த அந்தத் தரநிலையில், படத்தின் அகலத்தை எழுத இரண்டு பைட், உயரத்தை எழுத இரண்டு பைட் என்று இடம் ஒதுக்கினார்கள். இரண்டு பைட்டில் எழுதக்கூடிய ஆகப்பெரிய எண் 65,535. அதற்கு மேல் ஒரு பிக்சல் அகலமாக இருந்தாலும் அந்தப் படத்தை ஒற்றை ஜேபெக்காக யாராலும் சேமிக்க முடியாது. 2015 ஜனவரியில் ஹபிள் தொலைநோக்கி எடுத்த ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் பெரிய படம் வெளியானது. அதன் அகலம் 69,536 பிக்சல், உயரம் 22,230. கோடிக்கணக்கான விண்மீன்கள் இருக்கும் அந்தப் படம், 4,001 பிக்சல் அகலம் கூடிப்போனதால் ஜேபெக்குக்குள் நுழையாது.

32,767 என்பது கெய்ரோ போன்ற இரு பரிமாண வரைகலை லைப்ரரிகளில் ஒரு பக்கத்தின் உச்ச அளவு. இதுவும் 16 பிட்தான். அதில் ஒரு பிட்டைக் கூட்டல் கழித்தல் குறிக்கு எடுத்துக்கொண்டால் பாதிதான் மிஞ்சும். 1987இல் வந்த எக்ஸ்11 திரை முறையிலேயே புள்ளிகளின் இடத்தைக் குறிக்க 16 பிட்தான் கொடுத்திருந்தார்கள். அன்றைய திரைகள் ஆயிரம் பிக்சல் அகலத்தைச் சுற்றித்தான் இருந்தன. முப்பது மடங்கு தாராளமாக விட்டிருக்கிறோம் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 16,384 வரைகலை அட்டைகளின் எண்: ஒரே துண்டாக ஏற்றக்கூடிய படத்தின் பக்க அளவு இன்றைய பல அட்டைகளில் இதுதான். 1996இல் வந்த முதல் வூடூ அட்டையில் அது வெறும் 256.

8,94,78,485 கொஞ்சம் வேறு சாதி. இது பைத்தான் மொழியின் பில்லோ லைப்ரரியில் இருக்கிறது. ஒரு கிகாபைட்டில் கால்பங்கை எடுத்து, பிக்சலுக்கு மூன்று பைட் என்று வகுத்தால் வரும் எண். படத்தில் அதற்கு மேல் பிக்சல் இருந்தால் லைப்ரரி எச்சரிக்கும். இரண்டு மடங்கைத் தாண்டினால் திறக்கவே மறுத்துவிடும். இங்கே இடம் போதாமை காரணம் கிடையாது, பயம்தான் காரணம். ஒரே நிறத்தில் பரந்து கிடக்கும் பிரம்மாண்டமான படத்தைச் சுருக்கிச் சில கிலோபைட் கோப்பாக அனுப்பி, திறக்கிறவனின் கணினியைத் திணறடித்துப் படுக்க வைக்க முடியும். அதற்காக வாசலில் உட்காரவைத்த காவலாள் அது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய அம்பாசிடர் காரின் கிலோமீட்டர் மீட்டர் 99,999 தாண்டினால் 00000 ஆகும் இல்லையா? அதுபோல 32 பிட் எண் 214 கோடி சொச்சத்தைத் தாண்டினால் சுற்றிக்கொண்டு கழித்தல் எண்ணாகிவிடும். 30,000க்கு 30,000 பிக்சல், ஒவ்வொன்றும் நான்கு பைட் என்றால் 360 கோடி. மீட்டர் சுற்றிவிட்டது. இனி அந்த நிரல் கேட்கிற நினைவகம் தப்பு, எழுதுகிற இடம் தப்பு. ஆகவே ஒரு லைப்ரரி "இது என்னால் முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் நான் அதற்கு நன்றி சொல்லுவேன். எனக்குக் கவலை தருபவை, முடியாததை முடிந்ததுபோல் காட்டுபவை.

அப்படி ஒன்றைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

நான் வேலை பார்ப்பது கோயம்புத்தூரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். மொத்தம் எட்டுப் பேர். 2019இல் மதுரையில் இருக்கும் ஒரு நோய்க்குறியியல் ஆய்வகத்திலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். தேனி, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துச் சிறு மருத்துவமனைகளில் எடுக்கும் திசுத் துண்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டு, சில மைக்ரான் தடிமனுக்குச் சீவப்பட்டு, நிறமேற்றப்பட்டு, கண்ணாடிச் சில்லுகளாக அவர்களிடம் வந்து சேரும். பல நேரம் பஸ் பார்சலில். சில உடைந்து வரும். உடைந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நோயாளி இருக்கிறார். அவருக்கு மறுபடி சீவி, மறுபடி நிறமேற்றி, இன்னொரு வாரம். இதற்காக ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருந்தார்கள். கண்ணாடி இருக்கிற ஊரிலேயே ஸ்கேன் செய்துவிட்டால் மதுரையில் திரையில் பார்த்து அறிக்கை எழுதலாம் என்பது திட்டம். அமெரிக்காவில்கூட கண்ணாடிக்குப் பதிலாக ஸ்கேன் செய்த படத்தைப் பார்த்தே நோயைத் தீர்மானிக்கலாம் என்று எஃப்.டி.ஏ. முதல் அனுமதி கொடுத்தது 2017 ஏப்ரலில்தான். அதனால் இவர்கள் ஒன்றும் பின்தங்கி இருக்கவில்லை.

ஸ்கேனரின் கணக்கைப் பாருங்கள். பெரிய உருப்பெருக்கத்தில் ஒரு பிக்சல் என்பது கண்ணாடியில் கால் மைக்ரான். ஒரு மில்லிமீட்டருக்கு 4,000 பிக்சல். திசு 20 மில்லிமீட்டர் அகலமும் 15 மில்லிமீட்டர் உயரமும் இருந்தால் படம் 80,000க்கு 60,000. மொத்தம் 480 கோடி பிக்சல். மூன்றால் பெருக்கினால் 1,440 கோடி பைட், அதாவது 14.4 கிகாபைட். கட்டைவிரல் நகம் அளவுத் திசு! நான் மேலே சொன்ன அத்தனை எண்களையும் அது ஒரே எட்டில் தாண்டிவிடுகிறது. சாதாரண டிஃப் கோப்பின் 4 கிகாபைட் எல்லையையும் சேர்த்துத்தான்.

அந்த ஆய்வகத்தின் தலைமை மருத்துவர் அறுபது வயது தாண்டிய அம்மா. எல்லோருக்கும் அவர் "மேடம்". அவருக்கு என் வயதுக்காரர்கள் எல்லோரும் "தம்பி". ஸ்கேனரோடு வேறொருவர் எழுதிக்கொடுத்த ஒரு மென்பொருள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சில்லைத் திறக்கச் சொல்லிவிட்டு எழுந்துபோய்க் காபி குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும். அதை வேகப்படுத்தித் தரவேண்டும், அதுதான் எங்களிடம் கேட்டது. மேடத்தின் புகார் வேறாக இருந்தது.

"வேகமெல்லாம் கெடக்கட்டும் தம்பி. இதுல ஏதோ ஒண்ணு சரியில்ல. மூக்குக்கண்ணாடி போடாமப் பாக்குற மாதிரி இருக்கு. கேட்டா, மானிட்டர மாத்துங்கங்குறாங்க. மாத்தியாச்சு. கண்ணு டெஸ்ட் பண்ணிக்கங்கங்குறாங்க. அதுவும் பண்ணியாச்சு."

மேசையில் மைக்ராஸ்கோப்பும் மானிட்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவர் கண்ணாடிச் சில்லை வைத்து, ஒரு இடத்தைத் தேடிப் பிடித்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒரு பூந்தோட்டம். நடுவில் ஒரு செல், அதற்குள் இரண்டு கரிய கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கின்றன. "இது ரெண்டாப் பிரியுது. மைட்டோசிஸ். இப்ப அதையே அங்க பாருங்க." திரையில் அதே இடத்தைக் காட்டினார். ஒரு கரிய பொட்டு, ஓரங்கள் கரைந்து. "இத நான் எப்பிடி எழுதறது? பிரியுற செல்லா, செத்துச் சுருங்குன செல்லா? ரெண்டும் கருப்பாத்தான் இருக்கும். விளிம்பு தெரிஞ்சாத்தான் வித்தியாசம்."

திரையின் மூலையில் "40எக்ஸ்" என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது.

மார்பகப் புற்றுநோயைத் தரம் பிரிக்கும் நாட்டிங்ஹாம் முறையில் மூன்று விஷயங்களுக்கு ஒன்று முதல் மூன்றுவரை மதிப்பெண் கொடுப்பார்கள். அதில் ஒன்று, குறிப்பிட்ட பரப்புக்குள் எத்தனை செல்கள் பிளந்துகொண்டிருக்கின்றன என்ற எண்ணிக்கை. மூன்று மதிப்பெண்ணையும் கூட்டி, 5 வரை முதல் தரம், 6, 7 என்றால் இரண்டாம் தரம், 8, 9 என்றால் மூன்றாம் தரம். எல்லைக்கோட்டில் நிற்கிற ஒரு பெண்மணிக்கு, நாலைந்து செல்களை எண்ணாமல் விட்டால் ஒரு தரம் மாறிப்போகலாம். தரம் மாறினால் சிகிச்சை மாறலாம். இதை மேடம் நாடகமாக ஒன்றும் சொல்லவில்லை. மின்கட்டணத்தில் யூனிட் எல்லை தாண்டினால் ரேட் மாறுமே, அந்த மாதிரி சொன்னார்.

பழைய நிரலின் மூலத்தை வாங்கிக்கொண்டு கோவைக்குத் திரும்பினேன். இரண்டு நாள் தேடினேன். விஷயம் ஒரே வரியில் இருந்தது. அது பயன்படுத்திய லைப்ரரி 32,767க்கு மேல் அகலமான பரப்பை உருவாக்க மறுத்திருக்கிறது. எழுதியவர் மறுப்பைப் பார்த்திருக்கிறார். "பெரிதாக இருந்தால் பொருந்துமாறு சுருக்கு" என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். பிழைச்செய்தி நின்றுவிட்டது. படம் வந்துவிட்டது. 80,000 அகலம் 32,767 ஆனது. ஏறக்குறைய இரண்டரை மடங்குச் சுருக்கம். பத்து மைக்ரான் செல் ஒன்று 40 பிக்சலில் இருக்கவேண்டியது 16 பிக்சலில் உட்கார்ந்துவிட்டது. பெரிதாக்கிக் காட்டும்போது நிரல் அந்தப் பதினாறையே இழுத்துப் பரப்பி நாற்பதாகக் காட்டியது. "40எக்ஸ்" என்ற பச்சை எழுத்தை மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அது வேறொரு கோப்பில் இருந்தது. சின்னத் திசுவாக இருந்தால் படம் எல்லைக்குள் அடங்கிவிடும், எல்லாம் துல்லியமாகத் தெரியும். பெரிய திசுவில் மட்டும் மங்கும். அதனால்தான் மேடத்தின் புகார் சில நாள் உண்மையாகவும் சில நாள் மனப்பிரமையாகவும் மற்றவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. எத்தனை மாதம் அவர் தன் கண்ணைச் சந்தேகித்தாரோ.

எங்கள் குழுவில் ஒரு பையன், வேகமான கை. "அண்ணா, அந்த லிமிட்டைத் தூக்கிட்டாப் போச்சுங்ணா. சோர்ஸ் நம்மகிட்ட இருக்குல்ல, ஒரு நம்பர்தானே" என்றான். இந்த ஆலோசனைதான் முதலில் எல்லோருக்கும் வரும். பில்லோவில் அந்தக் காவலாளை ஒரே வரியில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். உங்கள் ஸ்கேனரில் இருந்து வரும், நம்பிக்கையான கோப்பு என்றால் அதில் தப்பும் இல்லை. ஆனால் 32,767 மாதிரியான எண்ணில் கைவைக்க முடியாது. அது கதவில் எழுதிய எண் கிடையாது, செங்கல்லின் அளவே அது. அப்படிப்பட்ட லைப்ரரிகளில் உள்ளே ஒவ்வொரு புள்ளியின் இடமும் 16 பிட் முழு எண்ணும் 16 பிட் பின்னமுமாக எழுதப்படும். சோதனையை மட்டும் நீக்கினால் 32,768ஆவது பிக்சல், கழித்தல் 32,768க்குப் போய் விழும். பையன் பிடிவாதக்காரன், செய்து பார்த்தான். திசுவின் வலது பாதி காணாமல் போய் வெள்ளையாக நின்றது. "சரிங்ணா" என்றான்.

அப்படியே எல்லை இல்லாத லைப்ரரி கிடைத்தாலும்தான் என்ன? 14.4 கிகாபைட்டை நினைவகத்தில் ஏற்றவேண்டும். மேடம் மூன்று சில்லுகளை ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தால் 43. ராமநாதபுரத்தில் இருக்கும் கணினியில் அதற்கு வழியில்லை. இந்தத் தொழிலில் பாதிப் பேர் எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே காலத்தை ஓட்டுகிறார்கள். அடுத்த வருஷம் படம் இன்னும் பெரிதாகும், மறுபடி முட்டும்.

நான் இதையெல்லாம் மேடத்திடம் போனில் விளக்கிக்கொண்டிருந்தேன். "பிரச்சினை என்னன்னா மேடம், முழுப் படத்தையும் ஒரே நேரத்துல..." என்று ஆரம்பித்தேன். அவர் இடைமறித்தார். "முழுசா யாரு தம்பி பாக்குறா? நான் என்னைக்கு முழுசாப் பாத்துருக்கேன்? மொதல்ல நாலு எக்ஸ்ல ஒரு சுத்து சுத்துவேன், எங்க நோய் இருக்குன்னு. அப்பறம் பத்து. அப்பறம் அந்த எடத்துல மட்டும் நாப்பது. நாப்பதுல முழுச் சில்லையும் பாக்கணும்னா எனக்கு ஆயுசு பத்தாது."

இதற்கு விடை பல பத்தாண்டுகளுக்கு முன்பே நிரல் உலகில் இருக்கிறது. 1983இல் லான்ஸ் வில்லியம்ஸ் ஒரு படத்தையே பாதி, கால், அரைக்கால் என்று சுருக்கி அடுக்கிவைத்துக்கொண்டு, தூரத்துக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளும் முறையை எழுதினார். பிரமிடு போல அடுக்குகள். ஒவ்வொரு அடுக்கும் தனக்குக் கீழே உள்ளதில் நான்கில் ஒரு பங்குதான். எல்லாவற்றையும் கூட்டினாலும் மூலப்படத்தைவிட மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல் இடம். ஒவ்வொரு அடுக்கையும் 256க்கு 256 பிக்சல் சதுரங்களாக, டைல் பதித்த தரை மாதிரி, நறுக்கி வைப்பது அடுத்த படி. இணைய வரைபடங்கள் அப்படித்தான் ஓடுகின்றன. எங்கள் சில்லின் அடித்தள அடுக்கு 313க்கு 235, அதாவது 73,555 டைல். மேடத்தின் திரையில் ஒரு சமயத்தில் தேவைப்படுவது ஐம்பது சொச்சம். அந்த ஐம்பதை மட்டும் படித்தால் போதும். ஒவ்வொரு டைலும் தனித்தனி ஜேபெக்காகச் சுருக்கி ஒரு பெரிய கோப்புக்குள் அடுக்கப்பட்டிருப்பதால் 65,535 யாரையும் தொடாது. 32,767 கேட்கவே வேண்டாம்.

நாலு, பத்து, நாற்பது. மைக்ராஸ்கோப்பின் சுழலும் மூக்கில் திருகிவைத்த லென்ஸ்கள்தான் பிரமிடின் அடுக்குகள். மேடையை நகர்த்தும் இரண்டு திருகுகள்தான் டைல்களின் வரிசை எண்ணும் பத்தி எண்ணும்.

இந்த வகை வேலைக்கு நான் பெரிதும் மதிப்பது லிப்விப்ஸ் என்ற லைப்ரரியை. அதன் வேர் 1989இல் தொடங்கிய வாசாரி என்ற ஐரோப்பியத் திட்டத்தில் இருக்கிறது. லண்டன் நேஷனல் கேலரியும் அதில் இருந்தது. ஓவியங்களை மிக நுணுக்கமாகப் படமெடுத்து, ஆண்டுகள் போகப்போக நிறம் எப்படி மாறுகிறது என்று அளப்பது நோக்கம். அன்றைய கணினி நினைவகத்தில் அந்தப் படங்கள் அடங்காது. அதனால் ஆரம்பத்திலிருந்தே "கேட்ட பகுதியை மட்டும் கணக்கிடு" என்ற ஒழுக்கத்தோடு எழுதினார்கள். ஏழ்மையில் வளர்ந்த பிள்ளையின் சிக்கனம் அது, வசதி வந்த பிறகும் போகவில்லை. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் 2022 ஜனவரியில் ரெம்பிராண்ட்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தை 8,439 புகைப்படங்களை ஒட்டி, 9,25,000க்கு 7,75,000 பிக்சலில் வெளியிட்டது. 71,700 கோடி பிக்சல். யாரும் அதை முழுதாக ஒரு நினைவகத்தில் ஏற்றிப் பார்ப்பதில்லை. சதுரம் சதுரமாகத்தான் அது நம் திரைக்கு வருகிறது.

பார்க்கும் கருவி ஆறு வாரத்தில் முடிந்தது. சில்லு உடனே திறந்தது. மேடம் அந்தப் பழைய இடத்துக்குப் போனார், நாற்பதில் நிறுத்தினார், இரண்டு கரிய கோடுகளைப் பார்த்தார். "ம்" என்றார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அடுத்து அவர்கள் கேட்டது எண்ணுவதற்கு ஒரு உதவி. பிளவுபடும் செல்லாக இருக்கலாம் என்று தோன்றுகிற இடங்களை நிரல் வட்டமிட்டுக் காட்டவேண்டும்; ஆம், இல்லை என்று மேடம் சொல்வார். பார்ப்பதற்கு டைலாக நறுக்கினால் கண்ணுக்கு ஒட்டுத் தெரியாது. எண்ணுவதற்கு நறுக்கினால் ஒட்டுத்தான் முதல் பிரச்சினை.

நினைத்துப் பாருங்கள். ஒரு செல் சரியாக இரண்டு டைல்களுக்கு நடுவில் விழுகிறது. இடது டைலில் அரைச் செல், வலது டைலில் அரைச் செல். இரண்டும் பாதிதான் என்பதால் நிரல் இரண்டையும் தள்ளிவிட்டால் ஒரு செல் காணாமல் போகிறது. இரண்டையும் ஏற்றுக்கொண்டால் ஒன்று இரண்டாகிறது. நாலு டைல் சந்திக்கும் முனையில் விழுந்தால் ஒன்று நாலாகக்கூட ஆகலாம். அடித்தள அடுக்கில் எத்தனை ஆயிரம் ஒட்டுகள் என்று யோசித்தால், இது அபூர்வமான சிக்கல் இல்லை என்பது புரியும்.

நிரலெழுதுகிறவர்களுக்கு இதற்கு ஒரு வழக்கமான வழி உண்டு. 1,024 பிக்சல் சதுரம் வேண்டுமென்றால் சுற்றிலும் 64 பிக்சல் சேர்த்து 1,152 ஆகப் படிப்பது. 64 பிக்சல் என்பது 16 மைக்ரான். நாங்கள் தேடும் செல்லைவிடப் பெரிது. அதனால் ஓரத்தில் இருக்கிற எந்தச் செல்லும் ஏதாவது ஒரு டைலில் முழுதாகத் தெரியும். பக்கத்து நிலத்தையும் கொஞ்சம் எட்டிப் பார்ப்பதற்குக் கூலியாக, கால்பங்குக்கு மேல் அதிகப் பிக்சல்களைப் படிக்கவேண்டும். ஆனால் இப்போது ஒரே செல் இரண்டு டைலிலும் முழுதாகத் தெரிகிறதே! அது யாருடைய கணக்கு?

மதுரையில் உட்கார்ந்து இதை ஒரு தாளில் படம் வரைந்து மேடத்துக்கு விளக்கினேன். மையப்புள்ளி எந்தச் சதுரத்துக்குள் இருக்கிறதோ அவருக்குச் சொந்தம் என்றேன். "மையம் கோட்டு மேலயே நின்னா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இடது எல்லை சேர்த்தி, வலது எல்லை நீக்கி என்று கணிதப் பாஷையில் நான் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தபோது, சில்லுகளை அடுக்கிக்கொண்டிருந்த மூத்த டெக்னீஷியன் அண்ணன் திரும்பாமலே பேசினார்.

"சார், இது ரத்த செல் எண்ணுற கதைதான. நியூபவர் சேம்பர்ல கட்டம் போட்டிருக்கும். கோட்டு மேல நிக்குற செல்லுக்கு ஒரு சட்டம் இருக்கு. மேல் கோடும் இடது கோடும் நம்மளது, எண்ணணும். கீழ் கோடும் வலது கோடும் பக்கத்து வீட்டுக்காரனது, எண்ணக்கூடாது. எல்லாக் கட்டத்துக்கும் அதே சட்டம். அப்ப எந்த வரப்புத் தகராறும் வராது."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அரை மணி நேரமாக நான் சொல்லத் திணறியது அதேதான். சேம்பரில் ரத்தம் எண்ணக் கற்றுக்கொள்ளும் எந்தப் பயிற்சி மாணவரும் முதல் வாரத்திலேயே இதைத் தெரிந்துகொள்கிறார். என் மொழியில் அதற்குப் பாதி திறந்த இடைவெளி என்று ஒரு பெயர் உண்டு, கேட்டால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அன்றிலிருந்து எங்கள் நிரலில் அந்தச் செயற்கூறின் பெயர் 'வரப்பு'. ஆங்கில எழுத்தில்தான் எழுதியிருக்கிறோம் என்றாலும் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் கதையும் சேர்த்துச் சொல்லித் தருகிறோம்.

சட்டம் கிடைத்துவிட்டது, நிரல் அதை மீறாமல் நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? கட்டங்களை இடம் மாற்றிப் போட்டு எண்ணிப் பார்ப்பதுதான் வழி. முதல் முறை சில்லின் மூலையிலிருந்து கோடு போடு. அடுத்த முறை 300 பிக்சல் தள்ளிப் போடு. அதற்கடுத்து 517. கண்ணாடியில் இருக்கிற செல்கள் நம் கோடுகளைப் பார்த்து நகர்வதில்லை. ஆகவே மொத்தம் மாறக்கூடாது. முதல் ஓட்டத்தில் மாறியது. வரப்புச் சட்டம் சரியாகத்தான் இருந்தது. காரணம் நிறம். ஒவ்வொரு ஆய்வகத்திலும் சாயம் சற்றுக் கூடும், குறையும். அதைச் சமன்செய்ய ஒரு படி வைத்திருந்தோம். அந்தப் படி ஒவ்வொரு டைலுக்கும் தனியாகச் சராசரி எடுத்தது. கொழுப்புத் திசு அதிகமுள்ள டைல் வெளிறிக் கிடக்கும். அதன் சராசரிப்படி சரிசெய்தால் அதிலுள்ள செல்கள் பக்கத்து டைலில் உள்ளவற்றைவிடக் கருத்துப்போகும். மொத்தச் சில்லையும் தூரத்திலிருந்து பார்த்தால் லேசாகச் சதுரங்கப் பலகை மாதிரி தெரிந்தது. பிரமிடின் மேலடுக்கில், முழுத் திசுவும் ஒரு சின்னப் படமாக இருக்கும் இடத்தில், ஒரே ஒரு முறை சராசரியை எடுத்து எல்லா டைலுக்கும் அதையே கொடுத்தோம். சதுரங்கம் மறைந்தது. 0, 300, 517 மூன்றுக்கும் ஒரே எண்ணிக்கை. அன்று சாயங்காலம் அந்தப் பையன் எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தான்.

நறுக்கிய பிறகும் சில விஷயங்களுக்கு முழுமை வேண்டியிருக்கிறது. எவை என்பதை யாராவது உட்கார்ந்து யோசித்தாகவேண்டும், லைப்ரரி அதைச் சொல்லித் தராது. எல்லையைத் தாண்ட வழி சொல்லும் பதில்களில் இந்தப் பகுதியைத்தான் நான் அதிகம் காண்பதில்லை. டைலாக வெட்டு என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு நான் விடாப்பிடியாகச் சேர்த்த ஒன்று உண்டு. ஏதோ காரணத்தால் அடித்தள அடுக்கைப் படிக்க முடியாவிட்டால், மேலடுக்கை இழுத்துக் காட்டுவதற்குப் பதில், அந்த இடத்தைச் சாம்பல் நிறமாக விட்டுவிடும். உலாவிகளில்கூட ஓவியப் பரப்பு அளவு மீறினால் பல நேரம் எந்தச் செய்தியும் இல்லாமல் வெறுமையாகவே நிற்கும். அது எரிச்சலூட்டும், ஆனால் பொய் சொல்லாது. எங்களிடம் சாம்பல் கட்டத்தின் மேல் "இந்த இடம் முழு அளவில் இல்லை" என்று எழுதியும் இருக்கும். மூலையில் உள்ள "40எக்ஸ்" என்ற எண், திரையில் அந்தக் கணம் இருக்கும் பிக்சல்களை எண்ணிப் பார்த்துத்தான் தன்னை எழுதிக்கொள்ளும். எங்கள் விற்பனைப் பிரிவு நண்பருக்கு இதில் மனத்தாங்கல். டெமோவில் சாம்பல் தெரிந்தால் வாங்குகிறவர்கள் பயப்படுவார்களாம். மேடத்திடம் கேட்டேன். "எழுத்து சின்னதா இருக்கு, பெருசாப் போடுங்க" என்றார்.

போன மாதம் மதுரை போயிருந்தேன். மேடத்தின் மேசையில் மைக்ராஸ்கோப் இன்னும் மானிட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டியில் ஊசி குத்தி உறிஞ்சி எடுத்த செல்களைக் கண்ணாடியில் தேய்த்த சில்லு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சீவிய திசு மாதிரி நினைக்கக்கூடாது. செல்கள் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து கிடக்கும், ஒரு மட்டத்தில் குவியம் வைத்தால் இன்னொரு மட்டம் மங்கும்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. இதுல ஃபோகஸ் திருகு எங்க இருக்கு?"

காற்றில் விரல்களைத் திருகிக் காட்டினார். ஸ்கேனர் ஒவ்வொரு மட்டத்தையும் தனித்தனியாகப் படமெடுக்கும் என்றும், அதற்குக் குறைந்தது ஏழு அடுக்கு வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். அதற்கென்ன, எடுங்களேன் என்றார். 14.4ஐ ஏழால் பெருக்கினேன். 100.8.

"கணக்குப் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு அவர் மறுபடி கண்வில்லையில் குனிந்துகொண்டார்.